இடக்கையில் கட்டிய கூறை

1

ஊரிலிருந்து தொலைபேசியில் "அங்கை எப்பிடி, சுகமோ?" என்று கேட்பவர்களுக்கெல்லாம் இத்தனை வருடமாக "ஓம், சுகம்" என்று மட்டும் சொல்லி வைத்துவிடுகிறவள் நான். இந்த முறை கொஞ்சம் விரிவாகச் சொல்லப்போகிறேன். ஏனென்றால் என் கூறைச்சேலையை என் மகள் வெட்டிவிட்டாள்.

போன சனிக்கிழமை எங்களுக்குக் கலியாணமாகி இருபத்தொரு வருடம். அதற்கு முந்தின ஞாயிறு காலை, உடுத்துவதற்கு முதல் சேலையைக் கொஞ்சம் காற்றாட விடுவோம் என்று அலுமாரியைத் திறந்தேன். பழைய வேட்டியில் சுற்றி, மேல்தட்டில் தனியாக வைத்திருப்பேன். விரித்தால் உள்தலைப்பில் ஒரு சாண் அகலத்துக்கு ஒரு துண்டைக் காணவில்லை. வெட்டியதும் ஒழுங்காக இல்லை, கோணல்மாணலாக இழுத்து வெட்டியிருந்தது.

நாங்கள் இருக்கிறது இத்தாலியில், சிசிலித் தீவுப் பலெர்மோவில். நான் வைத்த சத்தத்தில் வீட்டுக்குக் கீழே கபோச் சந்தையில் மீன்காரன் கூவுவதை நிறுத்திவிட்டான் என்று என் மனிசன் இன்றுவரைக்கும் சொல்கிறார். முகத்தில் பாதிச் சவரத்தோடு ஓடி வந்தார்.

"என்னப்பா, எலியோ?"

"எலி கத்திரிக்கோல் பிடிக்குமோ? பாருங்கோ இதை!"

பின்னால் யதுஷா வந்து நின்றாள். எங்களுக்கு ஒரே பிள்ளை, பதினெட்டு வயது. தலையைத் துவாயால் துவட்டிக்கொண்டே, "மாம்மா, கால்மா" என்றாள். அமைதியாக இருக்கட்டாம்.

"உன்ரை கால்மாவைக் கொண்டுபோய்க் குப்பையிலை போடு. ஆர் வெட்டினது?"

"நான்தான்."

பொய்யாவது சொல்லியிருக்கலாம். சொல்லாதது எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

கூறை என்றால் என்னவென்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மாப்பிள்ளை வீட்டார் தட்டில் வைத்துக் கொடுக்க, அதை உடுத்திக்கொண்டு வந்துதான் தாலிக்குக் கழுத்தை நீட்டுகிறோம். அதில் யாராவது கத்திரிக்கோல் வைப்பார்களா? ஊரில் இது நடந்திருந்தால் பெரியம்மாமார் எல்லாரும் கூடி, புருசனுக்கு ஆகாது என்று சொல்லி ஒரு கிழமைக்கு அழுதிருப்பார்கள். அதை நான் சொன்னபோது என் மனிசன் தன் நெஞ்சைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "நான் இன்னும் நிக்கிறன்தானே?" என்றார். சவுக்காரம் நெஞ்சிலும் பட்டது.

"ஏனடி வெட்டினனி?"

"சண்டைக்கு, அம்மா."

2

அந்தச் சண்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளை அந்த இடத்துக்கு முதன்முதல் கூட்டிக்கொண்டு போனது நான்தான்.

பிள்ளைக்கு எட்டு வயதில் பரதநாட்டியத்துக்கு விட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு மண்டபத்தில் வகுப்பு. அரைமண்டியில் நிற்கச் சொன்னால் நிற்பாள், முகத்தில் பாவம் காட்டச் சொன்னால் பல்வலிக்காரி மாதிரி நிற்பாள். மூன்றாம் வருடம், "அம்மா, எனக்கு வெட்கமாயிருக்கு" என்று இத்தாலியனில் சொல்லிவிட்டு நின்றுவிட்டாள். அரங்கேற்றத்துக்கு என்ன நிறப் பட்டு என்றுகூட நான் மனதுக்குள் முடிவெடுத்து வைத்திருந்தேன்.

நாலு வருடத்துக்கு முன் ஒரு பின்னேரம், இரண்டு பேரும் கபோவில் கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு வந்தோம். ஒரு சந்துக்குள் இருந்து குழல் சத்தம். கூடவே சின்னத் தாளம், மேளம். நாதசுரத்தை யாரோ புதிதாகப் பழகுகிற மாதிரி இருந்தது. "பிள்ளை, இஞ்சை ஆரோ கோயில் துவங்கியிருக்கினம், வா பாப்பம்" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன்.

பழைய சாமான் அறை ஒன்று. உள்ளே தொங்குகிற மூட்டைகளைப் பத்துப் பன்னிரண்டு பேர் காலால் அடித்துக்கொண்டு நின்றார்கள். பாட்டு ஒரு பெட்டியிலிருந்து வந்தது. அரைக் காற்சட்டை போட்ட ஒரு சின்ன மனுசி, என்னைவிடக் கட்டை, கத்தரிக்காய்ப் பையோடு நிற்கிற என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு இரண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டாள். நானும் பையைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டேன். அதோடு என் பிள்ளை அங்கே சேர்ந்துவிட்டாள்.

அந்த மனுசியின் பெயர் நொய். தாய்லாந்துக்காரி, பலெர்மோக்காரன் ஒருவரைக் கட்டிக்கொண்டு வந்தவள். காலையில் ஒரு ஹோட்டலில் அறை துப்புரவு செய்கிறாள், பின்னேரம் முவாய் தாய் பழக்குகிறாள். பிள்ளைகள் அவளை "க்ரூ நொய்" என்கிறார்கள். க்ரூ என்றால் நாங்கள் சொல்கிற குருதான். அதைக் கேட்டபோது எனக்குப் பாதிப் பயம் போய்விட்டது. மற்றப் பாதி, அவர்கள் முழங்கையால் அடிப்பதைப் பார்த்தவுடன் திரும்பி வந்துவிட்டது.

3

முவாய் தாய் என்பது குத்துச்சண்டை மாதிரி, ஆனால் குத்துச்சண்டை இல்லை. இரண்டு கை முட்டி, இரண்டு முழங்கை, இரண்டு முழங்கால், இரண்டு கணைக்கால். எட்டும் ஆயுதம். அந்தக் காலத்தில் போர்க்களத்தில் வாள் கை தவறி விழுந்தால் உடம்பையே ஆயுதமாக்கிக்கொள்வதற்குப் பழகியதாம். கையுறைக்குப் பதில் சணல் கயிற்றைச் சுற்றிக்கொண்டு சண்டை பிடித்தார்களாம். முதலை வாலை வீசுவது மாதிரி சுழன்று குதிக்காலால் அடிக்கிற அடி ஒன்று இருக்கிறது. அதை யதுஷா எங்கள் குசினிக்குள் செய்து காட்டியபோது பருப்புச் சட்டி தப்பியது, சுவர் மணிக்கூடு தப்பவில்லை.

அவர்கள் எல்லாரும் சொல்கிற பழங்கதை ஒன்றும் உண்டு. பர்மாக்காரரிடம் சிறைபட்ட ஒரு சியாம் வீரனை அரசனுக்கு முன்னால் சண்டைக்கு விட்டார்களாம். அவன் உடனே அடிக்கப் போகவில்லை. மெல்ல மெல்லச் சுற்றி ஆடி, தன் குருவை நினைத்துக் கும்பிட்டானாம். பார்த்தவர்கள் ஏதோ செய்வினை செய்கிறான் என்று பயந்தார்களாம். பிறகு வந்தவர்களையெல்லாம் வரிசையாக அடித்து விழுத்திவிட்டு ஊருக்குப் போனானாம். உண்மையோ பொய்யோ, இன்றைக்கும் அந்தக் கும்பிடும் ஆட்டமும் இல்லாமல் சண்டை துவங்காது. குரு மந்திரித்த ஒரு வளையத்தை அப்போது தலையில் வைத்து விடுவார். அதை நிலத்தில் வைக்கக் கூடாது, தாண்டக் கூடாது.

பிறந்தநாளுக்குத் தாய் தகப்பன் காலில் விழச் சொன்னால் "ஊவ்" என்கிற பிள்ளை, அந்த அறைக்குள் போகும்போதும் வரும்போதும் வாசலில் கும்பிடுகிறாள். கூட்டித் துடைக்கிறாள். வீட்டில் தேத்தண்ணிக் கோப்பையைக் கழுவ மாட்டாள். எனக்கு எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

போன மாசியில் பெர்மெஸ்ஸோ, அதுதான் வதிவிட அனுமதி, புதுப்பிக்கக் குவெஸ்தூரா என்கிற பொலிஸ் கந்தோருக்குப் போனோம். விடிய ஐந்து மணிக்கு வரிசை. விரலடையாளம் எடுக்கிற இடத்தில் என் விரலை மெசின் பிடிக்கவே இல்லை. இத்தனை வருடம் புளீச்சில் தோய்ந்து ரேகை அழிந்துவிட்டது. யதுஷாவின் விரல்கள் முதல் நாள் மூட்டை குத்தி வீங்கியிருந்தன. அவளுடையதையும் பிடிக்கவில்லை. உத்தியோகத்தர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "வீட்டில் இரண்டு பேரும் என்னதான் செய்கிறீர்கள்?" என்று கேட்டார். யதுஷா தன் சிசிலிய இத்தாலியனில், "அம்மா துடைக்கிறா, நான் அடிக்கிறன்" என்று சொல்ல, வரிசையே சிரித்தது. அந்த மனுசனும் சிரித்துக்கொண்டு எங்கள் விரல்களை ஈரக் கடுதாசியால் துடைத்துத் துடைத்து எடுத்தார். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

4

இனிக் கூறைக்கு வாறேன்.

சனிக்கிழமை அவளுக்கு முதல் சண்டை. எங்கள் கலியாண நாளும் அதே நாள். நாங்கள் அன்று கடற்கரையோரம் ஸ்ஃபெர்ராகவால்லோவுக்குச் சாப்பிடப் போவதென்று எப்போதோ முடிவு. "முதல் என்ரை சண்டை, பிறகு சாப்பாடு" என்று அவள் சொல்லியிருந்தாள். நான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

சண்டைக்குப் போகிறவர்கள் புயத்தில் ஒரு துணிப்பட்டி கட்டுவார்கள். அந்தக் காலத்தில் சண்டைக்குப் போகிற பிள்ளைக்குத் தாய் தன் உடுப்பில் ஒரு துண்டைக் கிழித்துக் கட்டி விடுவாளாம். நொய் அதைச் சொல்லி, வீட்டிலிருந்து அம்மாவின் துணி ஒன்று கொண்டு வா என்றிருக்கிறாள்.

"என்ரை பழைய நைற்றி எத்தினை கிடக்கு! அதிலை ஒண்டை வெட்டியிருக்கலாமே!"

"நைற்றியைக் கட்டிக்கொண்டு ஆரம்மா சண்டைக்குப் போறது? நீங்கள் எதை வேட்டியிலை சுத்தித் தனிய வைச்சிருக்கிறியள் எண்டு பாத்தன். அதுதான் உங்களுக்கு முக்கியம். உள்பக்கம்தானே வெட்டினன், உடுத்தால் தெரியாது."

"கேட்டிருந்தால் தந்திருப்பன்தானே?"

"தந்திருப்பியளோ?"

தந்திருக்க மாட்டேன்.

"நான் உன்ரை சண்டைக்கு வரமாட்டன். நீ என்னைக் கேக்காமல் வெட்டினனி, இனி நான் இல்லாமலே போ" என்றேன். அவள் அறைக்குள் போய், சிவப்பும் பொன்னுமாக ஓரம் மடித்துத் தைத்த ஒரு பட்டியைக் கொண்டு வந்து மேசையில் வைத்தாள். ஓரத்தைக் கையாலேயே தைத்திருந்தாள், பெரிய பெரிய தையல். "வேண்டாம். நான் கட்டாமல் போறன்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

உண்மையைச் சொன்னால் எனக்குக் கூறையை விடப் பயம்தான் பெரிது. அந்த முகத்தில் ஒருத்தி குத்தப்போகிறாள். குளிப்பாட்டி, பொட்டு வைத்து வளர்த்த முகம். வரமாட்டேன் என்று சொல்ல எனக்கு ஒரு சாட்டு வேண்டியிருந்தது, கூறை அகப்பட்டது.

திங்கட்கிழமை பொலிதேயாமாப் பக்கம் நான் துப்புரவு செய்கிற வீட்டில் வேலை. வீட்டுக்கார அம்மா, நான் சிஞ்ஞோரா என்று கூப்பிடுகிறவ. எண்பத்து நாலு வயது, காது கேளாது, ஆனால் வம்பு மட்டும் நன்றாகக் கேட்கும். யன்னலைத் துடைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவ இழுப்பறையைத் திறந்து ஒரு குழந்தைச் சட்டையைக் காட்டினா. தன் கலியாண உடுப்பை வெட்டித்தான் மூன்று பிள்ளைகளின் ஞானஸ்நானத்துக்கும் தைத்தாவாம். "துணிதானே, பிள்ளைக்குத்தானே" என்றா.

"சிஞ்ஞோரா, அதை நீங்கள் வெட்டினீர்கள். உங்களைக் கேட்காமல் யாரும் வெட்டவில்லை" என்றேன்.

அவ சட்டையை இழுப்பறையில் திரும்ப வைத்துவிட்டு, "அது சரி. போய்ச் சண்டை பிடி" என்றா.

5

போனேன். பிள்ளையோடு இல்லை, நொய்யோடு. புதன்கிழமை, வகுப்புத் துவங்க முதல். கைப்பையில் அந்தப் பட்டியையும் வைத்துக்கொண்டு போனேன், சாட்சிக்கு.

நொய் கும்பிட்டாள். நான் கும்பிடவில்லை. கோபமாக வந்திருக்கிறேன் என்று தெரிய வேண்டாமா? என் இத்தாலியனும் அவள் இத்தாலியனும் இரண்டு உடைந்த சட்டிகள். ஆனால் கோபத்துக்கு அதிகம் சொல் தேவையில்லை. பட்டியை எடுத்து முன்னால் பிடித்து, இது கலியாணத்தன்று உடுத்தது, என் மகள் என்னைக் கேட்காமல் வெட்டியது, நீ சொல்லித்தான் வெட்டியது என்று கொட்டித் தீர்த்தேன்.

அவள் முகம் வெளுத்துவிட்டது. "கலியாணத் துணியா?" என்று இரண்டு தரம் கேட்டாள். பிறகு கையைக் கூப்பி, நெற்றி கையில் படும்வரை குனிந்தாள். எனக்கு அந்தரமாகிவிட்டது. பேச வந்த இடத்தில் ஆள் இப்படிக் குனிந்தால் மேற்கொண்டு எப்படிப் பேசுவது?

சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் நிறம் போன ஒரு பட்டி இருந்தது. அதைக் காட்டினாள். "என் அம்மாவின் துணி. நான் சண்டைக்குப் போகிற காலத்தில் பெரிய அரங்குகளில் பெண்களை மேடையைத் தொடவே விட மாட்டார்கள். கோயில் திருவிழாவில்தான் எங்களுக்குச் சண்டை. அம்மாவுக்கு விருப்பமே இல்லை. ஆனால் நான் கேட்டேன். அழுதுகொண்டு கிழித்துத் தந்தா."

பிறகு என் கையிலிருந்த பட்டியைத் தொடாமல் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "இதை யது கட்டக் கூடாது. அம்மா தந்தால் அது காவல். கேட்காமல் எடுத்தால் வெறும் துணி. பலம் இல்லை."

"வெறும் துணியோ?" என்று நான் தமிழிலேயே கேட்டுவிட்டேன்.

என் கூறை வெறும் துணியா? மாமனாரும் மாமியாரும் நாலு கடை ஏறி இறங்கி எடுத்த கூறை. ஐயர் மந்திரம் சொல்ல, சபை முழுவதும் தொட்டுக் கும்பிட்ட கூறை. நான் இங்கே வந்து இறங்கின அன்று, விமான நிலையத்தில் ஒரு உத்தியோகத்தன் சந்தேகப்பட்டு அதை மேசையில் முழுவதுமாக விரித்துப் பார்த்தான். பார்த்தவன் வாயடைத்துப் போய், திரும்ப மடிக்கத் தெரியாமல் என்னிடமே தந்தான். அதற்குப் பலம் இல்லையாம்! அவளுக்குச் சொல்ல இத்தாலியன் போதாமல், "பலம் இருக்கு! நிறைய இருக்கு! நீ சனிக்கிழமை பார்!" என்று கத்திவிட்டு வெளியே வந்தேன்.

கத்தரிக்காய்க் கடை வரைக்கும் வந்த பிறகுதான் நான் என்ன சொல்லிவிட்டு வந்தேன் என்று எனக்கே விளங்கியது.

6

சனிக்கிழமை பின்னேரம் யதுஷா தன் பையைத் தூக்கிக்கொண்டு, "போயிட்டு வாறன்" என்றாள். முகத்தைப் பார்க்கவில்லை. படியால் இறங்கும் சத்தம் நின்றதும் அலுமாரியைத் திறந்தேன்.

என் மனிசன் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். "இஞ்சாரும், கூறையோ? சண்டைக்கோ?"

"கலியாண நாளுக்கு நான் கூறை உடுக்கிறது புதினமோ? கெதியாய் வெளிக்கிடுங்கோ."

வெட்டிய தலைப்பை உள்ளே செருகிக் கொய்யக மடிப்பு வைத்துக் கட்டினேன். பிள்ளை சொன்னது சரிதான். ஒன்றுமே தெரியவில்லை.

சண்டை மண்டபத்துக்குள் சிவப்புப் பட்டோடும் தலையில் பூவோடும் நான் நுழைந்தபோது, வாசலில் நின்றவன் ரிக்கற் கேட்க மறந்துபோனான். உடுப்பு மாற்றும் அறையில் யதுஷா ஒரு வாங்குப் பலகையில் இருந்தாள். புயம் வெறுமையாக இருந்தது. என்னைக் கண்டதும் எழும்பினாள். முதலில் சேலையைப் பார்த்தாள், பிறகு என்னை. புறங்கையால் கண்ணைத் துடைத்தாள்.

"அழாதை, அழுதால் எப்பிடிக் கண் தெரியும்? கையை நீட்டு."

வலக்கையை நீட்டினாள்.

"பொம்பிளைப் பிள்ளைக்கு இடக்கையிலைதான் காப்புக் கட்டுறது. இதுவும் தெரியாதோ?"

கைப்பையிலிருந்து பட்டியை எடுத்தேன். அதில் கொஞ்சம் மஞ்சள் தடவியிருந்தேன். பிள்ளையாரை நினைத்து, மலையில் இருந்து பலெர்மோவைக் காக்கிற ரொசாலியா மாதாவையும் ஒருக்கால் நினைத்து, இறுக்கிக் கட்டினேன். "இப்ப நான் தாறன். விளங்கிச்சோ? கேட்டு எடுத்த மாதிரித்தான் இது" என்றேன். "ஸ்கூசா, அம்மா" என்றாள். பிறகு தானாகவே தமிழில், "மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றாள். மூலையில் நின்ற நொய் என்னைப் பார்த்துக் கும்பிட்டாள். இந்த முறை நானும் கும்பிட்டேன்.

குழல் துவங்கியது. நொய்யின் ஊரில் பெண்கள் ஏறுகிற வழக்கப்படி யதுஷா கடைசிக் கயிற்றுக்குக் கீழால் குனிந்து மேடைக்கு ஏறினாள். மேடையைச் சுற்றி நடந்து, நடுவில் முழங்காலில் இருந்து, நெற்றி நிலத்தில் படக் கும்பிட்டாள். அது குருவுக்கு. பிறகு முழங்காலிலேயே எங்கள் பக்கம் திரும்பினாள். அத்தனை சிசிலியரும் பார்த்துக்கொண்டிருக்க, எனக்கும் தகப்பனுக்கும் நேரே நெற்றியை நிலத்தில் வைத்தாள். வெட்கம் என்று நாட்டியத்தை விட்ட பிள்ளை எழும்பி, ஒரு காலைத் தூக்கி, கைகளைச் சுழற்றி, மெல்ல மெல்ல ஆடினாள். அரைமண்டி அச்சாவாக இருந்தது. முகத்தில் பாவமும் இருந்தது. என் அரங்கேற்றம் எனக்குக் கிடைத்துவிட்டது. நான் விக்கி விக்கி அழுதேன், ஒளிக்கவில்லை.

என் மனிசன் தன் லேஞ்சியை நீட்டினார். பிறகு திரும்ப வாங்கித் தானும் துடைத்தார்.

சண்டையைப் பற்றி அதிகம் சொல்ல எனக்குத் தெரியாது. முதல் சுற்றில் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். இரண்டாம் சுற்றில் எழும்பி நின்று, "முழங்காலாலை குடடி!" என்று கத்தினேனாம். மூன்றாம் சுற்றில் நடுவர் எங்கள் பக்கம் திரும்பி வாயில் விரலை வைத்துக் காட்டினாராம். நான் நம்ப மாட்டேன். கடைசியில் புள்ளியில் மற்றப் பிள்ளை வென்றுவிட்டாள். கண்ணில்லாத மத்தியஸ்தர்கள். ஆனால் இரண்டு பிள்ளைகளும் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அந்தப் பிள்ளையின் தாய், மொத்தமான ஒரு பலெர்மோக்காரி, வந்து என் சேலையைத் தடவிப் பார்த்துவிட்டு இரண்டு கன்னத்திலும் கொஞ்சினாள்.

7

ஸ்ஃபெர்ராகவால்லோவில் கடலைப் பார்த்த மேசை. யதுஷாவின் இடது புருவம் வீங்கியிருந்தது. அதில் ஐஸ்கட்டிப் பையை வைத்துக்கொண்டே சிப்பி ஸ்பகெத்தி இரண்டு தட்டுச் சாப்பிட்டாள். பட்டி இன்னும் புயத்தில்தான். குழம்பு பட்டுவிடும் என்று நான் மூன்று தரம் சொல்லிவிட்டேன்.

"அம்மா, ஒண்டு கேக்கட்டோ?"

"கேள்."

"இடக்கையாலை அடிச்சதெல்லாம் பட்டது. பாத்தனீங்கள்தானே? வலக்கைதான் ஒண்டும் சரிவரேல்லை." கொஞ்சம் நிறுத்தி, என் சேலையைப் பார்த்தாள். "மற்றக் கைக்கும் ஒரு துண்டு தருவியளோ?"

என் மனிசன் முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்தார். "இஞ்சாரும், இப்பிடியே போனால் வெள்ளி விழாவுக்கு நீர் லேஞ்சிதான் உடுக்கவேணும்."

"நீங்கள் பேசாமல் இருங்கோ. பிள்ளை கேட்டிட்டுது."

அவள் கையைத் தட்டி, பரிமாறுகிற பெடியனிடம் கத்திரிக்கோல் இருக்கிறதா என்று கேட்கத் துவங்கினாள். நான் அந்தக் கையைப் பிடித்து மேசையில் வைத்தேன்.

"மீன் வெட்டுற கத்திரிக்கோலை என்ரை கூறைக்குக் கிட்டக் கொண்டு வராதை. வீட்டை போய் நானே வெட்டித் தாறன். நீ வெட்டினது கோணல்."